பட்டன் எந்தப் பக்கம்

வர்காவுஸ்,
ஜூன் 12, 2018

வென்லா அக்காவுக்கு,

போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். அதனால்தான் கடிதம். உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன், நான் கத்தினால் நீ அழுவாய், நீ அழுதால் பேச வந்த விஷயம் போய்விடும். தாளில் உனக்கு அந்த வசதி கிடையாது.

சனிக்கிழமை துப்பாக்கிப் போட்டியில் நடந்ததை நீயும் பார்த்தாய். மதிப்பெண் போடும் பலகையோடு எனக்குப் பின்னால்தான் நின்றாய். இருந்தாலும் என் கைக்குள் அது எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

ஐந்தாவது களம். நடுவர் "நிரப்பிக்கோ" என்றார். குண்டு அடைத்த மேகசினைப் பிடிக்குள் போட்டேன், மேலே ஸ்லைடை இழுத்துவிட்டேன், துப்பாக்கியை இடுப்பு உறையில் வைத்தேன். மணி அடித்தது. முதல் இரண்டு இலக்கு அட்டையிலும் நடு வட்டத்தில் சுட்டேன். மூன்றாவதற்குத் திரும்பும்போது காலடியில் டக்கென்று ஒரு சத்தம். பார்த்தால் என் மேகசின் சரளைக்கல்லில் கிடக்கிறது. நான் அதைக் கழற்றவில்லை. சரி, ஏதோ கோளாறு என்று அடுத்ததைப் போட்டேன். சில குண்டுகள் போனதும் அதுவும் விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. கடைசியில் காலித் துப்பாக்கியோடு நின்றேன். அந்தக் களத்தில் எனக்குப் பூஜ்யம்.

வெளியே வந்ததும் உன் ஆரோ கேட்டான்: "என்ன மச்சான், துப்பாக்கி மொத்தமாவே கழண்டு விழுமா, இல்ல தவணையிலயா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எனக்குத் தெரியாது.

காரில் போய் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. மேகசினை விடுவிக்கும் பட்டன் இடப்பக்கம் இருந்தது. வலது கைக்காரனின் கட்டைவிரல் போய் நிற்கும் பக்கம். என்னைப் போல் இடது கையில் பிடித்தால் அது ஆள்காட்டி விரலின் அடிக்கணுவுக்குக் கீழே வருகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கி உதைக்கும்போது நானே அதை அழுத்துகிறேன். பத்தாததற்கு நாம் அதில் பெரிய பட்டனாகப் பார்த்துப் போட்டிருக்கிறோம்.

ஜனவரியில் நான் உருகுவேக்குக் கிளம்பியபோது பட்டன் வலப்பக்கம் இருந்தது. ஐந்து மாதம் நான் அங்கே ஒரு காகிதக் கூழ் ஆலையின் கொதிகலனோடு மல்லுக்கட்டினேன். துப்பாக்கி லாத்தியில் உன் வீட்டு இரும்பு அலமாரியில் இருந்தது. போட்டியன்று காலை உன் காரிலிருந்து நேராக என் இடுப்புக்கு வந்தது. பட்டன் தானாகப் பக்கம் மாறாது. ஒரு ஊசியும் ஒரு ஆளும் வேண்டும்.

எனக்கு இரண்டு கேள்வி. யார் மாற்றியது? நான் களத்தில் நின்றபோது அது உனக்குத் தெரியுமா?

தேசிய அணியில் ஒரே ஒரு இடம் பாக்கி. ஆகஸ்டில் கடைசித் தகுதிப் போட்டி. அந்த இடத்துக்கு சனிக்கிழமை காலை வரை நான் முன்னால் இருந்தேன். இப்போது ஆரோ, செப்டம்பரில் நீ கட்டிக்கொள்ளப்போகிறவன், முன்னால் இருக்கிறான்.

துப்பாக்கி என்னிடம்தான் இருக்கும். உரிமம் உன் பெயரில் இருந்தாலும் அதே துப்பாக்கிக்கு எனக்கும் இணை உரிமம் இருக்கிறது. பாதி விலை நான் கொடுத்தது.

இல்மரி


லாத்தி,
ஜூன் 17

டேய் தம்பி,

உன் கடிதத்தை ஆரோதான் கீழே பெட்டியிலிருந்து எடுத்து வந்தான். "உன் தம்பி தபால்தலையெல்லாம் எங்க தேடிப் பிடிச்சான்?" என்று கேட்டான். நான் பிரிக்காமல் வைத்திருந்து, அவன் வேலைக்குப் போன பிறகு படித்தேன்.

நான்தான் மாற்றினேன். மறைக்க ஒன்றுமில்லை. நீ இல்லாதபோது ஒரு நாள் ஆரோவின் துப்பாக்கி பழுதுக்குப் போயிருந்தது. அன்று சாயங்காலம் நிலவறைக் கூடத்தில் சுடும் பயிற்சி. அவனும் கூட வந்து சும்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பாவமாக இருந்தது. நம்முடையதைக் கொடுத்து, நான் பக்கத்திலேயே நின்றேன். சட்டப்படி அதில் தப்பில்லை. வலது கைக்காரன் என்பதால் பட்டனைப் புரட்டிப் போட்டேன். திரும்பப் புரட்ட மறந்துவிட்டேன். என் தவறு. மன்னித்துக்கொள்.

ஆனால் இல்மரி, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. துப்பாக்கி கைக்கு வந்ததும் வெறுமனே ஒரு தடவை மேகசினைப் போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். சங்கத்தில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது. நீ அன்றைக்குப் பார்த்தாயா? சோதனை மேசைப் பக்கம் நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கையில் காப்பியோடு நேராகக் களத்துக்கு ஓடினாய். உனக்கு எதிலும் பொறுமை கிடையாது, சின்ன வயதிலிருந்தே.

தம்பெரேயில் நாம் இதை வாங்கிய நாள் ஞாபகம் வருகிறது. அந்தக் கடைக்காரர் நம் இரண்டு பேர் கையையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் இடது கையா? அப்போ கண்ணை மூடிட்டு ரிவால்வர் வாங்கிடுங்க, அதுக்கு எந்தக் கையும் ஒண்ணுதான்" என்றார். நான் ரிவால்வரை அவர் இடது கையில் வைத்து, "ஒண்ணுதான்னா திறந்து காட்டுங்க சார்" என்றேன். பாவம், குண்டு போடும் அந்த உருளை அவர் விரல்களுக்கு எதிர்ப்பக்கம் திறக்க, அவர் துப்பாக்கியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிப் பிடித்துத் திணறினார். நீ சத்தமாகச் சிரித்தாய். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். ஒன்றில் பூட்டு நெம்புகோல் ஒரே பக்கம். இன்னொன்றில் பிடி வலது உள்ளங்கைக்கென்றே செதுக்கியது. கடைசியில் இந்த செக் நாட்டுத் துப்பாக்கி. பூட்டு இரண்டு பக்கமும் இருந்தது. பட்டனை நான் என் கொண்டை ஊசியாலேயே அவர் மேசை மேல் வைத்துக் கழற்றிப் பக்கம் மாற்றினேன். "அக்கா, இதுதான்" என்றாய்.

அந்தப் பட்டனுக்காகத்தான் இதை வாங்கினோம். அதற்காகவே நீ என்னோடு பேசாமல் இருக்கப்போகிறாயா?

கல்யாணம் செப்டம்பர் பதினைந்து. அம்மா உனக்கு இப்போதே கோட்டு பார்த்து வைத்திருக்கிறாள். எண்ணைத் திறந்து விடு.

வென்லா


வர்காவுஸ்,
ஜூன் 22

அக்கா,

இன்று யுஹானுஸ், கோடைத் திருநாள். பட்டறையில் எல்லோரும் ஏரிக்கரைக் குடிலுக்குப் போய்விட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். சவுனா நீராவி அறையில் உட்கார்ந்துகொண்டு "அணி என்னாச்சு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. துப்பாக்கியை மேசையில் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சோதித்துப் பார்க்கவில்லை. உண்மை. வேறு யார் கொடுத்திருந்தாலும் பார்த்திருப்பேன். உன் கையிலிருந்து வாங்கினேன், அதனால் பார்க்கவில்லை. இதை என் பொறுமையின்மைக் கணக்கில் எழுதாதே.

இப்போது நீ எழுதியதற்கு வருகிறேன். "அன்று சாயங்காலம்" என்கிறாய். ஒரு சாயங்காலம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பிடியின் இரண்டு பக்கமும் புது சொரசொரப்பு நாடா ஒட்டிவிட்டுப் போனேன். உப்புத்தாள் மாதிரி இருக்குமே, அது. நீயும் நானும் பிடித்தால் இடப்பக்கத்தின் பின்விளிம்புதான் தேயும். உள்ளங்கையின் அடிச்சதை அங்கேதான் உரசுகிறது. மூன்று வருடமாக ஒவ்வொரு நாடாவும் அங்கேதான் தேய்ந்தது. இந்த நாடாவில் இடப்பக்கம் புதுசு போல் இருக்கிறது. வலப்பக்கப் பின்விளிம்பு மொட்டை. விரலை ஓட்டினால் வழுக்குகிறது.

என் கைக்கு இவ்வளவு தேய ஒரு பருவம் முழுக்கச் சுட வேண்டும். ஒரு சாயங்காலத்தில் தேயாது. ஒரு மாதத்திலும் தேயாது.

இன்னொன்றும் தெரிகிறது. நீயும் இதைத் தொடவே இல்லை. ஐந்து மாதமும் அது ஒரே ஆளின் வலது கையில் இருந்திருக்கிறது.

கொதிகலனில் வெடிப்பு வந்தால் நாங்கள் யாரையும் திட்டுவதில்லை. உலோகத்தை அறுத்துப் பார்ப்போம். உலோகம் வார்த்தையை மென்று முழுங்காது.

இரண்டாவது கேள்விக்கு நீ பதிலே எழுதவில்லை. கடைக்காரர் கதை எழுத இடம் இருந்தது, அதற்கு இல்லை. திரும்பக் கேட்கிறேன். நான் களத்தில் நின்றபோது உனக்குத் தெரியுமா?

இல்மரி


லாத்தி,
ஜூலை 3

இல்மரி,

நாலு தாள் எழுதிக் கிழித்தாயிற்று. இதை முடித்ததும் படித்துப் பார்க்காமல் தபாலில் போடப்போகிறேன்.

பிப்ரவரியிலிருந்து. வாரம் இரண்டு நாள், சில வாரம் மூன்று. அவன் பழைய துப்பாக்கி பழுதானது உண்மை. பழுது சரியாகி வந்த பிறகும் அவனுக்கு நம்முடையதுதான் பிடித்தது. "உன் தம்பி ஜெயிக்கிறதுல பாதி இந்தத் துப்பாக்கிதான்" என்பான், சீண்டுவதற்காக. நான் கொடுத்தேன். மே மாதம் அதே மாதிரி ஒன்று சொந்தமாக வாங்கினான். அதுவரை அவன் கை பழகியது உன் துப்பாக்கியில். உனக்கு எழுதவில்லை. எழுதினால் வேண்டாம் என்பாய். அதனால் எழுதவில்லை.

நான் ஏன் சுடவில்லை என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அவன் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

ஆரோவுக்கு முப்பத்தொன்பது. எத்தனையோ வருடமாக அணிக்கு ஒரு இடம் பின்னாலேயே நிற்கிறான். இது கடைசி வருடம், அப்புறம் விட்டுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். தோற்று வந்தால் கத்த மாட்டான். காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பான். நான் போய்க் கண்ணாடியைத் தட்டி, "ஆரோ, வா, உருளைக்கிழங்கு ஆறுது" என்று கூப்பிட வேண்டும்.

இப்போது உன் இரண்டாவது கேள்வி.

காரிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது நினைவில்லை. சத்தியமாக இல்லை. நடுவர் "நிரப்பிக்கோ" என்றதும் நீ மேகசினைப் போட்டாய். அப்போது உன் ஆள்காட்டி விரலுக்குக் கீழே அந்தக் கறுப்புப் பட்டன் தெரிந்தது. உடனே புரிந்தது. வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. எனக்குப் பக்கத்தில் ஆரோ, வரிசையில் அடுத்த ஆள், மூச்சைப் பிடித்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் களத்தில் நீ நன்றாகச் சுட்டுவிட்டால் அவனுக்கு அணி இல்லை.

அவனுக்குத் தெரியாது. பட்டனை நான் திரும்பப் புரட்டிவிட்டேன் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அவன் கேலி செய்ததும் தெரியாமல் செய்ததுதான். அவனை இதில் சேர்க்காதே.

விதி என்று சொல்லலாம். களத்தில் நிற்பவனிடம் யாரும் பேசக் கூடாது. மூன்று வாரமாக என்னிடம் நானே அதைத்தான் சொல்லிக்கொண்டேன்.

மறந்தது பட்டனை மாற்ற. வாயைத் திறக்காதது மறதி இல்லை.

வென்லா


வர்காவுஸ்,
ஜூலை 7

போட்டியாளர்கள் பேசக் கூடாது. நீ போட்டியாளர் இல்லை. சட்டையில் அட்டை குத்திய அதிகாரி. கருவியில் கோளாறு தெரிந்தால் அதிகாரி யாராக இருந்தாலும் "நிறுத்து" சொல்லலாம். மணி அடிப்பதற்கு முன்னால் சொன்னால் யாருக்கும் ஒரு புள்ளிகூடக் குறையாது. நான் துப்பாக்கியைக் காலி செய்து, சோதனை மேசைக்குப் போய்ப் பட்டனைப் புரட்டிவிட்டு, பத்து நிமிடத்தில் திரும்பி வந்து நின்றிருப்பேன்.

உனக்கு அது ஒன்றும் செலவில்லாத வார்த்தை.

நீ அவனைக் கட்டிக்கொள். எனக்கு அவன் மேல் ஒன்றுமில்லை. அவன் எதிராளி. எதிராளி என்னை ஜெயிக்க நினைப்பது அவன் வேலை. நீ என் பக்கத்து ஆள் என்று நினைத்துத்தான் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எழுதாதே.

இ.


லாத்தி,
ஆகஸ்ட் 14

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும், பிறகு இல்லை.

வரும் சனிக்கிழமைப் போட்டிக்கு நான் வரப்போவதில்லை. மதிப்பெண் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சங்கத்தில் காரணம் கேட்டார்கள். சொன்னேன். பலகையை வாங்கிக்கொண்டார்கள்.

துப்பாக்கியைத் திரும்பக் கேள் என்று ஒருவர் சொன்னார். ஆரோ இல்லை, சங்கத்து ஆள். "லைசென்ஸ் உன் பேர்லதானே? ஆகஸ்டுக்கு முன்னாடி வாங்கி உள்ள வை, மாப்பிள்ளை நேரா அணிக்குப் போயிடுவாரு." அந்த ஆளை வாசலோடு அனுப்பினேன். இதை எனக்குச் சாதகமாக எழுதவில்லை. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக.

ஆரோவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். மீன் வறுத்துக்கொண்டிருந்தான். அடுப்பை அணைத்துவிட்டு, "ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?" என்றான். கீழே இறங்கிப் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டான்.

நன்றாகச் சுடு.

வென்லா


வர்காவுஸ்,
ஆகஸ்ட் 20

அக்கா,

முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். ஆரோ அணியில். நான் இல்லை. எப்படி என்று அவன் சொன்னானா தெரியாது. சொல்லியிருந்தாலும் என் வாயால் கேள்.

காலையில் சோதனை மேசையில் அரை மணி நேரம் நின்றேன். போட்டேன், எடுத்தேன், போட்டேன், எடுத்தேன். பின்னால் நின்றவர் கடுப்பாகி, "தம்பி, அது பசுமாடா? பால் கறந்து முடிச்சிட்டா நகரு" என்றார். பிறகு சுட்டேன். நீ கேட்டால் சொல்கிறேன், மூன்று வருடத்தில் நான் அப்படிச் சுட்டதில்லை. காலிக் குண்டு உறைகள் எப்போதும் போல மூக்குக்கு முன்னால் பறந்து, ஒன்று சட்டைக் காலருக்குள் விழுந்து கழுத்தைச் சுட்டது. அப்போதும் கை அசையவில்லை. கடைசிக் களத்துக்கு வரும்போது நான் ஆரோவுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தேன்.

நான் முதலில் சுட்டு முடித்தேன். அடுத்து அவன். நான் வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றேன். "நிரப்பிக்கோ" என்றார் நடுவர். அவன் மேகசினைப் போட்டான், ஸ்லைடை இழுத்தான், உறையில் வைத்தான். உறைக்கு மேலே அவன் துப்பாக்கியின் பிடி எனக்கு நன்றாகத் தெரிந்தது. மேகசினின் அடி கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. முழுக்க உள்ளே போகவில்லை. அவசரத்தில் சரியாக அழுத்தாமல் விட்டிருக்க வேண்டும். முதல் குண்டு போகும், மேகசின் கீழே விழும், அவ்வளவுதான். நடுவர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

அவன் தோற்றால் எனக்கு அணி. நான் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா நின்றால் போதும்.

அக்கா, நீ நின்ற இடத்தில் நான் நின்றேன். அங்கிருந்து எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். சுலபமாக இருக்கிறது. நாக்கை அசைக்காமல் இருக்க ஒரு முயற்சியும் வேண்டியதில்லை.

"ஆரோ, மேகசின்" என்றேன்.

அவன் குனிந்து பார்த்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். உள்ளே போய் உட்கார்ந்தது. நடுவர் என் பக்கம் திரும்பினார். அவருக்கு என்னைப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். "நீ பேசுனியா?" என்றார். "பேசினேன்" என்றேன். "அபராதம் போடணும்டா." "போடுங்க." போட்டார். ஆரோவுக்கும் போட்டிருக்கலாம், அது அவர் இஷ்டம். அவன் கேட்காமல் வந்த உதவி என்று விட்டுவிட்டார். ஆரோ நன்றாகச் சுட்டான். அந்த அபராதப் புள்ளிகள் இல்லாமல் கூட்டிப் பார்த்தால் நான்தான் அணியில். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

அட்டைகளில் ஓட்டைக்கு ஒட்டுப் போடும்போது அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். "ஏன்டா சொன்ன?" என்றான். நான் அடுத்த ஓட்டையைத் தேடி ஒட்டினேன். "எனக்குத் தெரியாது மச்சான், அவ அஞ்சு நாள் முன்னாடிதான் சொன்னா" என்றான். தெரியும் என்றேன். மிச்சத்தை இரண்டு பேரும் சேர்ந்து ஒட்டினோம். அப்புறம் ஒரு சாசேஜ் வாங்கி, பாதியை என்னிடம் நீட்டினான்.

ஏன் சொன்னேன் என்று அவனிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். நல்லவன் என்பதற்காகச் சொல்லவில்லை. அவன் மேல் பாசத்தாலும் இல்லை. அந்த வார்த்தையைச் சொல்ல எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இரண்டு மாதமாக, அது பெரிய கஷ்டமாக இருந்திருக்கும், அதனால்தான் உன்னால் முடியவில்லை என்று நினைத்துப் பார்த்தேன். அப்படி இருந்திருந்தால் உன்னை மன்னித்திருப்பேன். கஷ்டமே இல்லை, அக்கா. எனக்கு அதற்கு விலை அணியில் என் இடம். அப்போதும் கஷ்டமாக இல்லை.

கல்யாணத்துக்கு வருகிறேன். நீ கூப்பிட்டதற்காக இல்லை, ஆரோ கூப்பிட்டான். மாப்பிள்ளை வீட்டு ஆளாக வந்து அவர்கள் பக்கம் உட்காருவேன். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. கோட்டைப் போட்டுக்கொள்கிறேன்.

எனக்கெனத் தனியாக ஒரு துப்பாக்கிக்கு மனுப் போட்டிருக்கிறேன். நம்முடையது இனி உன்னுடையது. என் பாதி விலையைக் கல்யாணப் பரிசாக வைத்துக்கொள். அடுத்த ஞாயிறு நானே கொண்டுவந்து தருகிறேன், வேறு யார் கையிலும் கொடுத்தனுப்ப முடியாது. நீ வீட்டில் இரு. காப்பி வேண்டாம், நான் உட்கார மாட்டேன்.

புது நாடா ஒட்டியிருக்கிறேன். எண்ணெய் போட்டிருக்கிறேன். பட்டன் வலப்பக்கம் இருக்கிறது. நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே. கைக்கு வந்ததும் ஒரு தடவை போட்டு எடுத்துப் பார்.

இல்மரி